பின்னறைக்குப் படம் இல்லை

லொரெட்டா ஸப்பாலா நடத்திய தேரைப் பந்தயம் அந்த வளாகத்தின் சரித்திரத்தில் நிற்கும். ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் கரும்புக் காட்டுக்கும் சர்க்கரை ஆலைக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிற ஒரு சின்னப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அதைவிடப் பெரிய சரித்திரம் எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம். பிப்ரவரியில் புது மாணவர்கள் வந்த வாரம் அது. முந்தின நாள் மழையில் புல்வெளியெல்லாம் தேரைகள். அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, முதுகில் ஆளுக்கொரு கலர் ரிப்பன் கட்டி, நூலகத்து முன்கூடத்தில் வட்டம் போட்டு நடுவில் விட்டார்கள். எது முதலில் வட்டத்தைத் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. துணைவேந்தர் என்று பெயர் வைத்த தேரை மட்டும் ஓடவே ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே கம்பளத்தை நனைத்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லொரெட்டா அதைப் படமெடுத்து, நூலகத்தின் மாதச் செய்தி மடலில் முதல் பக்கத்தில் போட்டாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குத் தேரையைக் கண்டாலே குமட்டும். பந்தயம் முடிந்து கம்பளத்தைத் தேய்த்துக் கழுவியதும் அவள்தான். அந்த நூலகத்தில் இருந்த ஒரே சிப்பந்தி அவள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனுஷிக்கு இப்படியெல்லாம் ஆடவேண்டிய அவசியம் இருந்தது. நாலு மணி நேரப் பயண தூரத்தில் இருந்த தலைமை வளாகத்திலிருந்து சேதி வந்திருந்தது. சின்ன வளாகங்களின் நூலகங்களை ஆராயப்போகிறார்கள். எங்கே உயிரோட்டம் இருக்கிறதோ அது நிலைக்கும், எங்கே இல்லையோ அதை மூடிவிடுவார்கள். உயிரோட்டத்தை எப்படிப் பார்ப்பீர்கள் என்று லொரெட்டா கேட்டாள். செய்தி மடலில் பார்ப்போம் என்றார்கள். சரி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

மாம்பழக் காலத்தில் வீட்டில் காய்த்துத் தள்ளும் பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு வீட்டுப் பழத்தை எடுத்துப் போக ஒரு மேசை. பரீட்சைக்கு முந்தின வாரம், பயந்து கிடக்கிற பிள்ளைகள் தடவிக் கொடுக்க பிஸ்கி என்று ஒரு நாய். புதன்கிழமை ஸ்கோன் என்கிற இங்கிலீஷ் பன்னும் ஜாமும். ஜன்னல் ஓரத்தில் எந்நேரமும் விரித்துக் கிடக்கும் ஜிக்சா புதிர். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு துண்டைப் பொருத்திவிட்டுப் போகலாம். அப்படித்தான் சட்டம். ஆனால் நடைமுறையில் ஜிக்சா மேசை அங்கிள் செட்ரிக்கின் ராஜ்ஜியம். அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட இழுத்து வரப்பட்ட பசிபிக் தீவுக்காரர்களின் வம்சம் அவர். ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி, ஊருக்கே அங்கிள். படிக்க வருகிறவர் இல்லை, ஏசிக்கு வருகிறவர். ஒவ்வொரு புதிரிலும் ஒரு துண்டைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொள்வார். எல்லாரும் மேசைக்கடியில் தேடிச் சலித்தபிறகு, "அட, இங்கதான இருக்கு" என்று எடுத்துக் கடைசித் துண்டைத் தானே வைப்பார். ஊருக்கே தெரியும். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

இத்தனை ஆட்டமும் லொரெட்டா ஆடியது ஓர் அறைக்காக.

புத்தக அடுக்குகளைத் தாண்டிப் போனால் பின்பக்கம் ஒரு சின்ன அறை இருந்தது. நாலு மேசை, கனத்த கதவு, உள்ளே பேசக்கூடாது. கதவைச் சாத்தினால் ஆலையின் இரைச்சல்கூட நின்றுவிடும். காலையில் நூலகத்தைத் திறக்கும்போதே வாசலில் காத்திருந்து நேரே அந்த அறைக்குப் போகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அதில் ஒருத்தி ஜோசினா. டோரஸ் நீரிணைத் தீவிலிருந்து வந்தவள், ரெண்டு பிள்ளைக்குத் தாய், முப்பத்தைந்து வயதுக்குமேல் நர்சிங் படிக்க வந்திருந்தாள். இரவெல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் வருவாள்.

"வீட்டுல படிச்சா என்ன?" என்று லொரெட்டா ஒருநாள் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"எங்க வீட்டையா சொல்ற?" ஜோசினா சிரித்தாள். "அண்ணன் குடும்பம், தங்கச்சி குடும்பம், தீவுல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியம்மா, அவங்களப் பாக்க வந்தவங்க. குளியலறைக்குள்ள உக்காந்து படிச்சேன், லொரெட்டா. தொட்டிக்குள்ள தலகாணி போட்டு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தன் கதவ இடிக்கிறான். என்னடா அவசரம்னா, ஒண்ணுமில்ல, நீ உள்ள என்ன பண்றேன்னு பாத்தேங்கறான்."

"அப்ப இங்கதான்."

"இங்கதான். இந்த அறை மட்டும் இல்லேன்னா நான் பாஸ் பண்றதாவது! நீ தேரைய ஓட விடுவியோ, முதலைய ஓட விடுவியோ, இந்தக் கதவு மட்டும் இருக்கணும் எனக்கு."

அது லொரெட்டாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு சொந்தப் பிள்ளை கிடையாது. அதனால்தான் என்று சொல்லிவிடலாம்; ஆனால் அது மட்டும் இல்லை. இத்தனை வருஷம் புத்தகத்தை அடுக்கி, எடுத்துக் கொடுத்து, திரும்ப அடுக்கி, இதனால் யாருக்கு என்ன ஆச்சு என்று ஒருநாளும் தெரியாமல் இருந்தவளுக்கு, இதோ கண்ணெதிரே ஒருத்தி. இவள் நர்ஸாகி வெளியே போவதைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

ஜோசினாவே ஒருதரம் சொன்னாள்: "உன் மடல்ல என் படத்தப் போடேன். இந்த மாதிரி ஒருத்தி இங்க வந்து படிக்கிறான்னு தெரியட்டும் அவங்களுக்கு."

"அதெல்லாம் கூடாது."

"ஏன், மூஞ்சி நல்லாயில்லையா?"

"மூஞ்சிக்கென்ன. படிக்கிறவங்கள நாங்க படம் எடுக்கறதில்ல. யாரு வர்றா, என்ன படிக்கிறா, எதுவும் வெளிய போகக் கூடாது. இந்த வேலையோட சத்தியம் அது."

சும்மா சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டில் கேட்டதைப் பாதிரியார் எப்படி வெளியே விடமாட்டாரோ அப்படித்தான் அவள் இருந்தாள். யார் விவாகரத்துச் சட்டம் தேடினார்கள், யார் புற்றுநோய்ப் புத்தகத்தை மடியில் வைத்து அழுதார்கள், அவள் புருஷன் ஆல்டோவுக்குக்கூடத் தெரியாது. ஆல்டோ வாயைக் கிண்டிப் பார்த்து ஓய்ந்துபோனவன். அதனால் பின்னறை மடலில் வரவே இல்லை. மாதா மாதம் வந்ததெல்லாம் ஸ்கோன், மாம்பழம், பிஸ்கி, தேரை.

ஜூலையில் தலைமை வளாகத்திலிருந்து பிரையனி வந்தாள். சமூக ஈடுபாடு என்கிற துறைக்கு அவள் தலைவி. வாய் நிறையச் சிரிப்பு, கை நிறையக் கேக்கு. கெட்டவள் என்று சொல்லிவிட முடிந்தால் லொரெட்டாவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வந்ததும் வராததுமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒரு அதிசயம்மா லொரெட்டா! மத்த வளாகத்துலயெல்லாம் அழுது வடியறாங்க. உன் மடல் வந்தாத்தான் எங்க ஆபீஸே கலகலன்னு இருக்கு. இத மூடறதாவது! அந்தப் பேச்சுக்கே இடமில்ல."

லொரெட்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே உட்கார்ந்து கேக்கைக்கூட வாயில் வைத்துவிட்டாள்.

பிரையனி மடிக்கணினியைத் திறந்து திருப்பிக் காட்டினாள். லொரெட்டா எடுத்த படங்கள்தான், வரிசையாக. சிரிக்கிற வாய்கள், ஜாம் அப்பிய விரல்கள், நாயின் வயிறு. "இதப் பாத்துத்தான் மேல முடிவு பண்ணிருக்காங்க. ஜனங்களுக்கு என்ன வேணும்னு நீயே நிரூபிச்சிட்ட. இது இனிமே லைப்ரரி இல்ல, எல்லாரும் வந்து கூடற கூடம். புத்தகத்தையெல்லாம் எங்ககிட்ட அனுப்பிடு, வேணுங்கறவங்க சொன்னா நாங்க அனுப்பி வைப்போம். அடுக்கெல்லாம் எடுத்துட்டா எவ்வளவு எடம் கெடைக்கும், பாரு. பின்னாடி ஒரு ஸ்டோர் ரூம் இருக்குல்ல, அந்தச் செவுத்த இடிச்சா டேபிள் டென்னிஸ் போட்டுரலாம்."

"அது ஸ்டோர் ரூம் இல்ல." லொரெட்டா கேக்கைத் தட்டில் வைத்தாள். "அது படிக்கிற ரூம்."

"அப்படியா? யாரு படிக்கிறா?"

"படிக்கிறவங்க படிக்கிறாங்க. தெனம் வர்றாங்க."

பிரையனி படங்களை மேலும் கீழும் தள்ளினாள். உண்மையாகவே தேடினாள், கேலிக்காக இல்லை. "ஒருத்தர்கூட இல்லையேம்மா. ஒரு வருஷத்து மடல் முழுக்க பாத்துட்டேன், கையில புத்தகத்தோட ஒருத்தர்கூட இல்ல."

லொரெட்டா அந்தப் படங்களையே பார்த்தாள். காப்பாற்றவேண்டிய ஒன்றை யார் கண்ணிலும் படாமல் பொத்திப் பொத்தி வைத்து, மற்றதையெல்லாம் ஊரறியத் தமுக்கடித்தது அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை அன்றைக்கு, கேக்குத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, புரிந்துகொண்டாள்.

மறுநாள் காலை சத்தியத்தை உடைத்தாள்.

"அன்னிக்குப் படம் போடச் சொன்னியே, இப்ப எடுக்கட்டா?" என்று பின்னறை வாசலில் நின்று கேட்டபோது அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

ஜோசினா பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன ஆச்சு?"

சொன்னாள். ஜோசினா புத்தகத்தை நேராக வைத்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "படிக்கிற மாதிரியா, படிச்சிட்டேவா?" என்றாள்.

"நீ படி. நான் எடுத்துக்கறேன்."

அப்படி எடுத்த படத்தில் ஜோசினா சிரிக்கவில்லை. மருந்தளவுக் கணக்கில் குனிந்திருந்தாள். ராத்திரி வேலைச் சீருடை, காதில் பஞ்சு, நெற்றியில் பேனா மை. லொரெட்டா நாலு வரி எழுதினாள், எழுதி அழித்து, மறுபடி எழுதினாள். இந்த அறை எதற்கு என்று கெஞ்சாமல் சொன்னாள், பிறகு கெஞ்சியும் சொன்னாள். பிரையனிக்கு அனுப்பினாள். சாயங்காலமே போன் வந்தது.

"ரொம்ப மனசத் தொட்டுச்சு, லொரெட்டா, நெஜமா. ஆனா முடிவு போன மாசமே ஆயிருச்சே. அப்புறம் இது... கொஞ்சம் சோகமா இருக்குல்ல? ஜனங்க பாக்காமத் தள்ளிட்டுப் போயிருவாங்க. இந்த மாச மடலுக்கு நாய் படம் எதாச்சும் வெச்சிருக்கியா?"

லொரெட்டாவிடம் நாய் படம் இருந்தது. எப்போதும் இருக்கும்.

செப்டம்பரில் சுவரை இடித்தார்கள். புத்தகங்கள் பெட்டி பெட்டியாக லாரி ஏறின. அந்த வாரம் முழுக்க அங்கிள் செட்ரிக் தூசியில் தும்மிக்கொண்டே ஜிக்சாவைப் போர்வையால் மூடிக் காவல் காத்தார். "எதுக்கு லொரெட்டா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? உன்ன வேலைய விட்டா தூக்கிட்டாங்க? சம்பளம் வருதுல்ல?"

"வருது அங்கிள்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அவளுக்கே அது அவமானமாக இருந்தது. அவளுக்குப் புது நாற்காலிகூட வந்திருந்தது.

ஜோசினா முன்கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துப் பார்த்தாள். பந்து மேசையில் டொக் டொக் என்று அடிக்கும். பிஸ்கி வந்து முழங்காலில் முகவாயை வைக்கும். பிறகு வாகன நிறுத்தத்தில், ஒரு மாமரத்தடியில், தன் பழைய காரில் உட்கார்ந்தாள். வைஃபை அதுவரை எட்டும். அக்டோபர் வெயில் ஏறினால் காருக்குள் இருக்க முடியாது. பெட்ரோல் தீருமே என்று ஏசியையும் போட மாட்டாள். கதவை எல்லாம் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டி, மடியில் புத்தகத்தோடு தூங்கிப்போயிருப்பாள். லொரெட்டா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள் தாங்காமல், "எங்க வீட்டுக்கு வா. சாவி தர்றேன். ஆல்டோ பகல்ல தோட்டத்துலதான் இருப்பான், ஈ காக்கா இருக்காது" என்றாள்.

"உன் வீடு ஆலைக்கு அந்தப் பக்கம். போய் வர்றதுக்குள்ள புள்ளைங்க ஸ்கூல் விட்டுரும்." ஜோசினா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். ஆறுதல் சொல்லவேண்டியவளுக்கு ஆறுதல் கிடைத்தது. "விடு லொரெட்டா. பாத்துக்கறேன்."

கேட்ட புத்தகங்கள் தலைமை வளாகத்திலிருந்து வரத்தான் வந்தன. தேவைப்பட்ட பரீட்சை முடிந்தபின் வந்தன. அதன்பிறகு காரைக் காணவில்லை. லொரெட்டா தினமும் ஜன்னல் வழியாக அந்த மாமரத்தடியைப் பார்த்தாள். போன் செய்யலாமா என்று நினைத்தாள், என்னவென்று கேட்பது என்று வைத்துவிட்டாள்.

நவம்பரில் கூடத்தின் திறப்பு விழா. ஊரே வந்தது. பலூன், ஸ்கோன், மாம்பழம், ரெண்டு நாய். இத்தனை கூட்டத்தை அந்தக் கட்டடம் கண்டதே இல்லை. லொரெட்டாவுக்குச் சமூக ஈடுபாட்டு விருது என்று கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு கைதட்டலுக்குத் தலையை ஆட்டினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை அங்கே யார்தான் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

அப்போதுதான் ஜோசினா உள்ளே வந்தாள். சீருடை இல்லை, பூப்போட்ட நல்ல கவுன். கையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று.

"இத எங்க குடுக்கறது? புத்தகம் போடற பெட்டியக்கூடக் காணோம்."

"எங்கிட்ட குடு." லொரெட்டா வாங்கிக்கொண்டாள். மருந்தளவுக் கணக்குப் புத்தகம். "இது உனக்கு அடுத்த வருஷமும் வேணுமே. வெச்சுக்கோயேன், நான் நீட்டிச்சுத் தர்றேன்."

"வேணாம்." ஜோசினா மாம்பழ மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "விட்டுட்டேன்."

"ஒரு செமஸ்டர்தான? அடுத்த—"

"ரெண்டு பேப்பர் போயிருச்சு. விட்டுட்டேன், லொரெட்டா. இல்லத்துல ராத்திரிக்குப் பதிலா பகல் ஷிப்டு, மணி நேரமும் கூட்டிக் குடுக்கறாங்க. பெரியவனுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டணும்." பிறகு அவளே சிரித்தாள். "எதுக்கு இப்படிப் பாக்கற? செத்தா போயிட்டேன்? நல்லா தூங்கறேன் இப்பல்லாம். கண்ணப் பாரு, கருவளையமே இல்ல."

இல்லைதான். லொரெட்டா இதுவரை பார்த்திராத தெளிவாக இருந்தது அந்த முகம். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் இரைச்சல். பந்து டொக் டொக்கென்றது. மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்லியிருந்தால் ஜோசினா மறுபடி அவளுக்கு ஆறுதல் சொல்லியிருப்பாள். அதனால் சொல்லவில்லை.

"ஏய் நர்ஸம்மா!" ஜன்னல் ஓரத்திலிருந்து அங்கிள் செட்ரிக் கத்தினார். "எங்க போயிருந்த இத்தன நாளா? இங்க வா. ஒரு துண்டு கொறையுது, எல்லாரும் தேடறோம்."

"உங்க பாக்கெட்டுல தேடுங்க அங்கிள்!" என்றாள் ஜோசினா. சுற்றி நின்றவர்கள் ஹோவென்று சிரித்தார்கள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி வெளியே சொல்லிவிட்டாள். கிழவர் ஒன்றும் தெரியாதவர்போல முழித்தார். பிறகு சட்டைப் பைக்குள் விரல் விட்டுத் துண்டை எடுத்தார். தான் வைக்கவில்லை. ஜோசினாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீ வை."

"நானா?"

"எப்பப் பாரு கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடந்த. ஒரு துண்டாவது வெச்சியா இதுவரைக்கும்? வை."

ஜோசினா குனிந்து வைத்தாள். மேசையைச் சுற்றிக் கைதட்டினார்கள். அவள் நிமிர்ந்து, பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பிரையனி எங்கிருந்தோ பாய்ந்து வந்து ஏற்கெனவே போனைத் தூக்கியிருந்தாள்.

"அப்படியே இருங்க! அப்படியே! உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே, மடல்ல போடலாம்ல?"

ஜோசினா கூட்டத்துக்கு மேலாக லொரெட்டாவைப் பார்த்தாள்.

"போட்டுக்கோங்க," என்றாள். "இப்பத்தான் நான் படிக்கலையே."

படம் நன்றாக வந்திருந்தது. பிரையனி அன்றைக்கே அனுப்பிவிட்டாள்: முதல் பக்கம், பெரிதாகப் போடு, கீழே பேரும் ஒரு வரியும் எழுது. கூட்டம் கலைந்தபின் லொரெட்டா தன் புது நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மடலில் ஏற்றினாள். அங்கிள் செட்ரிக் முடிந்த புதிரைக் கலைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்ததற்கு ஒரு துண்டை இப்போதே ஒளித்திருப்பார்.

'புதிய கூடத்தில் கடைசித் துண்டைப் பொருத்தி மகிழும் ஜோசினா, நர்சிங் மாணவி' என்று எழுதினாள்.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசி இரண்டு சொல்லையும் அழித்தாள். அந்த இடத்தில் 'உள்ளூர்வாசி' என்று போட்டு, மடலை அனுப்பினாள்.